நான் உன் வாசகனாக இருந்த பதினொரு மாதங்கள்

அன்புள்ள சீனு,

உன் அம்மா உள்ளே உன் பெட்டியை மூன்றாவது முறையாகக் கலைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை காலை நீ திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறுவதற்குள் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வாயால் சொல்ல இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் பேச்சு குடை எடுத்துக்கொண்டாயா, பல் டாக்டரைப் பார்த்தாயா என்று எங்கேயோ போய்விட்டது. முப்பத்தாறு வருஷம் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தே சம்பளம் வாங்கியவன் நான். எனக்குக் கடிதம்தான் சரிப்படும். தமிழில் எழுதுகிறேன். மலையாளம் ஓடுகிற வேகத்தில் உனக்குத் தமிழ் ஓடாது என்று தெரியும். பரவாயில்லை, மெதுவாகவே படி.

விஷயம் இதுதான். 'ஒந்நிடவிட்ட திவசங்கள்' என்ற தலைப்பில், தன் பெயரைச் சொல்லாமல் ஒருவர் மலையாளத்தில் எழுதிவரும் வலைத்தளத்தைப் பதினொரு மாதமாக நான் படித்துவருகிறேன். முதல் ஏழு மாதம் அதை எழுதுவது யார் என்று எனக்குத் தெரியாது. மீதி நாலு மாதம் தெரியும். தெரிந்த பிறகும் உன்னிடம் சொல்லாமல் படித்தேன். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எப்படி இது நடந்தது என்று நீ யோசித்துக் குழம்ப வேண்டாம், வரிசையாகச் சொல்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற புதிதில் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியும். காலையில் கையில் எடுத்த போனை மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் கீழே வைப்பேன். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். எதைப் படித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் கோபம் மட்டும் மிச்சம் இருக்கும். அந்தக் கோபத்தை நாலு பேருக்கு அனுப்பினால்தான் நெஞ்சு லேசாகும். அப்படித்தான் ஒரு மழை நாளில், ஊருக்குள் வெள்ளம் புகுந்துகொண்டிருப்பதாக ஒரு வீடியோவைத் தெருக் குழுவில் போட்டேன். அது ஏதோ ஒரு மாநிலத்தில் எப்போதோ எடுத்தது. எதிர்வீட்டு ஸைனபா இத்தா அதை நம்பி ஃப்ரிட்ஜைக் கட்டில்மேல் ஏற்றச் சொல்லி, ஏற்றிய அவர் வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் ஒரு வாரம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பக்கம் போவதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது.

நீ என்னைத் திட்டவில்லை. உன் வயசில் நானாக இருந்தால் என் அப்பாவை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நீ ஞாயிற்றுக்கிழமை காலையில் சாயாவை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். "அப்பா, இதுல உங்களுக்கு என்ன வரணும்னு நீங்க முடிவு பண்றதில்ல. யாரோ பண்றாங்க. உங்களுக்குக் கோபம் வந்தா இன்னும் அரைமணி நேரம் பாப்பீங்கன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றாய். என் போனை வாங்கி அதில் ஃபீட் ரீடர் என்று ஒன்றைப் போட்டாய். அது எதற்கு என்று கேட்டேன். "காலைல பேப்பர் போடற சேட்டன் மாதிரின்னு வெச்சுக்கோங்க. உங்களுக்குப் பிடிச்ச வெப்சைட்டோட விலாசத்தை ஒரு தடவை கொடுத்தாப் போதும். அங்க புதுசா எழுதினா மட்டும் இங்க கொண்டுவந்து போட்டுட்டுப் போயிடும். எழுதலைன்னா வராது. நீங்க கேக்காததைக் கதவத் தட்டி விக்காது."

எனக்குப் பிடித்த வெப்சைட் எது என்று நீ கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அத்தனை மணி நேரம் போனைப் பார்த்தவனுக்குப் பிடித்தது என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. நீ சிரித்தாய். "சரி, என்னோட லிஸ்ட்டை அப்படியே ஏத்தித் தரேன். வேண்டாததை நீங்களே அழிச்சுக்கோங்க" என்று சொல்லி, உன் கம்ப்யூட்டரிலிருந்து ஏதோ ஒரு ஃபைலை அனுப்பி என் போனில் திறந்தாய். நாற்பது சொச்சம் பெயர்கள் வந்து விழுந்தன. அங்கேதான் நீ தவறினாய். எழுதுகிறவர்கள், தங்கள் எழுத்து ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கத் தங்கள் தளத்தையும் தங்கள் லிஸ்ட்டில் போட்டுவைப்பார்களாம். இதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். உன்னுடையதும் அந்த நாற்பதில் இருந்தது உனக்கு நினைவில்லை.

ஒரு வாரம் உட்கார்ந்து அழித்தேன். கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் போயிற்று. கடைசியில் ஒன்பது நின்றது. மழை மேகங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதும் ஒருவர், மதுரையில் மொட்டைமாடியில் காய்கறி போட்டு அதில் வந்த பூச்சிகளைப் பற்றியே எழுதும் ஒரு அம்மா, துறைமுகங்களுக்கு வந்துபோகும் கப்பல்களைப் படம் எடுத்துப் போடும் ஒருவர், இப்படி. உன்னுடையதை ஏன் வைத்துக்கொண்டேன் என்றால் தலைப்பைப் பார்த்துத் திடுக்கிட்டுத்தான். நான் இருபத்திரண்டு வயசில் சங்கரன்கோவிலிலிருந்து இங்கே வந்து, கடைப் பலகைகளையும் சாக்கு மூட்டை மேல் எழுதியிருப்பதையும் பார்த்து மலையாள எழுத்து கற்றுக்கொண்டவன். திவசம் என்றால் இங்கே நாள், ஒந்நிடவிட்ட என்றால் ஒன்று விட்டு ஒன்று என்று நன்றாகத் தெரியும். இருந்தும் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சொல்லைப் பார்த்தால் எனக்கு எள்ளும் பிண்டமும்தான் முதலில் தோன்றும். ஒன்றுவிட்ட நாட்களில் திவசம் கொடுக்கிற ஆள் யாரடா என்று திறந்து பார்த்தேன்.

திறந்தவன் மூடவில்லை. ஆபீஸ் லிஃப்டில் ஏறும் எல்லாரும் கதவுக்கு மேலே மாறும் எண்ணையே அண்ணாந்து பார்ப்பதைப் பற்றி ஒரு பக்கம். தினமும் கப்பைக்கிழங்கும் மீனும் மட்டுமே கொண்டுவரும் ஒரு சகா, ஒரு நாள் சப்பாத்தி கொண்டுவந்ததும் எல்லாருக்கும் ஏற்பட்ட கவலையைப் பற்றி ஒரு பக்கம். ஊர்ப் பெயர் எதுவும் இருக்காது. படகு வரும், காயல் வரும். ஆலப்புழைக்காரனாக இருப்பான் என்று நானே முடிவு கட்டினேன். மலையாளத்தை நான் மெதுவாகத்தான் படிப்பேன், அதனால் ஒரு வரியையும் தாண்டிப் போக முடியாது. அப்படி ஒவ்வொரு வரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது, அதில் எடுத்து வீசக்கூடிய வரி ஒன்றும் இல்லை என்று. கம்பெனியில் என் மேஜைக்கு வந்த கடிதங்களில் பாதியையாவது நான் வெட்டிச் சுருக்கியிருப்பேன். இந்தப் பையனிடம் வெட்ட எனக்கு இடம் கிடைக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் ரீடரைத் திறப்பேன். வந்திருப்பது நாலோ ஐந்தோ. படித்து முடித்ததும் இனிப் படிக்க ஒன்றும் இல்லை என்று திரை சொல்லும். போனில் ஒன்று முடிந்தது என்பதை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தேன். போனை வைத்துவிட்டு உன் அம்மாவுக்குத் தேங்காய் துருவிக் கொடுக்கப் போவேன். அந்தச் சப்பாத்திக் கதையை அவளுக்குப் படித்துக் காட்டியதும் அப்படி ஒரு மத்தியானம்தான். அவள் பாலக்காட்டில் பிறந்து வளர்ந்தவள், மலையாளத்தை அப்படியே குடிப்பவள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும். இவன் அம்மாக்காரி இதெல்லாம் படிக்கிறாளோ என்னமோ" என்றாள். அப்போது நீ காக்கநாட்டில் உன் ஆபீஸில் இருந்தாய். அவள் இன்னும் இந்த விஷயம் அறியாள். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

ஐந்தாம் மாதம் முடியும்போது அந்த எழுத்தின் குரல் மாறியது. ஒரு பக்கம் இப்படி ஆரம்பித்தது. தமிழில் சொல்கிறேன்: 'இன்று என் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். அதன் புகைப்படத்தில் இருந்தவன் என்னைவிடச் சந்தோஷமாக இருந்தான்.' ஆட்களைக் குறைத்தபோது வேலை போன பதினேழு பேரில் தானும் ஒருவன் என்று அதற்குக் கீழே இரண்டே வரிகளில் எழுதியிருந்தது. அடுத்தடுத்த பக்கங்களில் அந்தப் பையன் தினமும் காலையில் வழக்கம்போல் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்புகிறான். வீட்டில் சொல்லவில்லை. படகில் ஏறி அக்கரைக்குப் போகிறான், திரும்பி வருகிறான், மறுபடி போகிறான். வாசகசாலையில் உட்கார்ந்து வேலைக்கு எழுதிப் போடுகிறான். அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டைப் பட்டினி கிடக்காமல் முழுதும் சாப்பிடுகிறான், மிச்சம் வைத்தால் அவள் ஏன் என்று கேட்பாள் என்பதற்காக.

எனக்கு அந்தப் பையனை நினைத்து மனசு ஆறவில்லை. நீயும் அதே நாட்களில் அதேபோல் பையைத் தூக்கிக்கொண்டு சுள்ளிக்கல் ஸ்டாப்புக்கு நடந்துபோவதை இந்த வாசலில் நின்று பார்த்திருக்கிறேன், சீனு. பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் வீட்டில் அப்படி நடக்காது என்று நினைப்பவனுக்குக் கண் தெரியாது. உன்னைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, அந்த யாரோ ஒருவன் என்ன ஆனானோ என்று ரீடரைத் திறப்பேன். அவனுக்கு எழுத வேண்டும் என்று ஒரு நாள் தோன்றிவிட்டது. அவன் பக்கத்தின் அடியில் ஒரு மெயில் விலாசம் உண்டு. மலையாளத்தில் டைப் செய்யத் தெரியாததால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி இரண்டு நாள் அடித்தேன். 'மகனே, நான் வயதில் மூத்தவன், உன்னைப்போல் ஒரு பிள்ளைக்குத் தகப்பன். வீட்டில் சொல்லிவிடு. உன் அப்பாவுக்குப் புரியும். புரியாத அப்பா கிடையாது.' இவ்வளவுதான் அந்த மெயில். அனுப்பும் முன் இன்னொரு தடவை பிழை பார்த்துவிடலாம் என்று மறுநாளைக்கு வைத்தேன். கம்பெனிப் பழக்கம் அது.

மறுநாள் ரீடரில் அவன் எழுதிய புதிய பக்கம் வந்து கிடந்தது. ஏன் வீட்டில் சொல்லவில்லை என்பதைப் பற்றித்தான் அந்தப் பக்கம். பதினொன்றாம் வகுப்பில் அவன் ஒரு சின்ன வலைத்தளம் செய்திருக்கிறான். படகு ஜெட்டியில் நோட்டுப் புத்தகத்தோடு நின்று படகுகள் புறப்படும் நேரத்தையும் பஸ் நேரத்தையும் எழுதிவந்து அதில் போடுவான். மாறினால் மாற்றுவான். அந்த அரைப் பரீட்சையில் கணக்கில் மார்க் குறைந்தது. 'அப்பா அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை' என்று எழுதியிருந்தது. 'கம்ப்யூட்டரிலிருந்து இன்டர்நெட் வயரைக் கழற்றி, கையில் அழகாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, பீரோவில் சட்டைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். இந்த மாதிரி வேலையில்லாத வேலைக்கெல்லாம் வாழ்க்கையில் இடம் இல்லை என்று சொன்னார்.' வயர் திரும்பக் கிடைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதற்குள் நேரமெல்லாம் மாறிப்போயிருந்தது. தினமும் அக்கரைக்குப் போகும் ஒரு டீச்சர் மூன்று முறை மெயில் எழுதியிருந்தாராம்: 'மோனே, புதிய சமயம் போடலையா? இன்று எனக்குப் படகு தவறிவிட்டது.' பக்கத்தின் கடைசியில், 'வேலையில்லாதவன் என்று அப்பாவிடம் போய் எப்படிச் சொல்வேன்' என்று ஒரு வரி.

ரப்பர் பேண்ட் என்ற இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த வயரையும் சுற்றி ரப்பர் பேண்ட் போடாமல் நான் வைக்கமாட்டேன். மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். உன் அம்மா உள்ளே படுத்திருந்தாள். நீ வேலை இழந்தது முதலில் உறைக்கவில்லை. அனுப்பாமல் கிடந்த அந்த மெயில்தான் உறைத்தது. புரியாத அப்பா கிடையாது என்று ஊரிலுள்ள அப்பாக்கள் எல்லாருக்கும் சேர்த்து நான் உத்தரவாதம் கொடுத்திருந்தேன். அந்தப் பையனின் அப்பா நான்தான் என்று தெரியாமல். மெயிலை அழித்தேன். பிறகு முதல் பக்கத்திலிருந்து மறுபடி எல்லாவற்றையும் படித்தேன். இந்தத் தடவை படகு எந்தப் படகு, காயலுக்கு அந்தப் பக்கம் தெரியும் கிடங்குக் கூரைகள் வெலிங்டன் தீவில் எவை என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் நான் நடந்துகொண்டது எதுவும் புத்திசாலித்தனம் இல்லை. சாயங்காலம் நீ வந்ததும், "வேலையெல்லாம் எப்படிப் போகுது?" என்று கேட்பேன். நீயாகச் சொல்ல ஒரு வழி திறந்துவைப்பதாக எனக்கு நினைப்பு. "போகுதுப்பா" என்பாய். மூன்றாவது தடவை நீ அதைச் சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். கேட்டுக் கேட்டு உன்னைப் பொய் சொல்லவைப்பது நான்தான் என்று அப்போதுதான் புரிந்தது. கேட்பதை நிறுத்தினேன். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வரும். பதில் தெரிந்த கேள்வியை அவர்களிடம் கேட்காதே. நான் அதைக் கற்றுக்கொள்ள அறுபத்தோரு வயசு ஆயிற்று.

ஒரு நாள் சாப்பிடும்போது, சம்பந்தமில்லாமல், "அந்தப் படகு நேரம் போட்டிருந்தியே, அந்த வயரை நான் பிடுங்கி வெச்சது தப்புடா" என்று சொன்னேன், நினைவிருக்கிறதா? நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். "என்னப்பா இப்பத் திடீர்னு?" "ரிட்டயரான ஆளுக்கு உட்கார்ந்து பழசை நினைக்கிறதுதானே வேலை. மார்க்குக்குக் கோபப்பட்டது வேற. ஆனா அது வேலையில்லாத வேலைன்னு சொன்னேன்ல, அதைச் சொல்லியிருக்கக் கூடாது. நாலு பேருக்கு உதவினது அது." தட்டைக் கழுவப் போனவன் அடுக்களையில் ரொம்ப நேரம் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாய். அந்த மன்னிப்பு என் மனசில் தானாக ஊறி வந்தது என்று நீ நினைத்திருப்பாய். அப்படி இல்லை. உன் எழுத்தைப் படித்ததால்தான் அது வந்தது.

அது நடந்து பத்து நாளில் பாலக்காட்டிலிருந்து, உனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பாவும் அவர் தம்பியும் நம் வீட்டைப் பார்க்க வந்தார்கள். உன் அம்மா காலையிலிருந்து உளுந்து அரைத்து, வடையும் பாயசமும் செய்து, புதிய டம்ளர்களை எடுத்துவைத்திருந்தாள். பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்தது. "பையன் காக்கநாட்டிலதானே? இப்ப அங்கயெல்லாம் ஆளைக் குறைக்கறதாக் கேள்விப்பட்டேன்" என்றார் அவர். உன் அம்மா, "நம்ம சீனுவுக்கு அந்தப் பயமொண்ணும் இல்லை கேட்டீங்களா, அவனை அவங்க விடமாட்டாங்க" என்றாள், பாவம், நம்பித்தான் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார். நான் தொண்டையைச் செருமினேன். இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை: நான் பொய் சொல்லத் தயாராகிக்கொண்டிருந்தேன். ஆமாம், கம்பெனியில் அவனுக்கு நல்ல பெயர் என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். உன்னைக் காப்பாற்றுவதாக எனக்கு எண்ணம்.

நீ முந்திக்கொண்டாய். "சார், என் வேலை போய் மூணு மாசம் ஆச்சு. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இப்பத்தான் தெரியும், நான் சொல்லலை. வேற தேடிட்டிருக்கேன், கிடைக்கும். ஆனா இது தெரியாம நீங்க மேல பேசறது சரியில்ல." உன் கை முழங்கால்மேல் அழுந்தியிருந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சொன்னது நல்லதாச்சு தம்பி" என்றார். பாயசத்தைக் குடித்து முடித்து, மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் போனில் ஜாதகம் ஒத்துவரவில்லை என்றார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்த இடம் போனதில் எனக்கு நஷ்டமும் தோன்றவில்லை. அப்பன் பொய்க்கு வாயைத் திறந்த இடத்தில் பிள்ளை நிஜத்தைச் சொன்னதைப் பார்த்தேனே, அது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அவர்கள் போனதும் உன் அம்மா கேட்ட முதல் கேள்வி எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "மூணு மாசமா என் கைச்சோறை எங்க வெச்சுடா உண்டாய்?" "போட்ல வெச்சு." "மழை பெஞ்சாலுமா?" "மழைன்னா ஜெட்டி ஷெட்டுல." "எங்கிட்ட பறஞ்சிருக்கலாமேடா" என்று சொல்லி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நீ அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வடை நிறைய மிச்சம் இருந்தது. ஒரு தட்டை எடுத்து உனக்கு வைத்தேன், நீ ஒன்றைத் தின்றதும் இன்னொன்று வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ரீடரில் உன் பக்கம் வந்தது. 'அப்பா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தட்டில் இன்னொரு வடை வைத்தார். இவ்வளவு பெரிய மனசு அவருக்கு என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.' சீனு, அதைத் திருத்தத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். நான் கேட்காதது பெரிய மனசால் அல்ல. எனக்கு முன்னமே எல்லாம் தெரியும், அதனால் கேட்க ஒன்றும் இல்லை. நீ என்னைப் பற்றி எழுதியதில் பொய்யான வரி அது ஒன்றுதான், அதற்கும் காரணம் நான். வயரைப் பற்றி எழுதியது அத்தனையும் உண்மை, அதை அப்படியே வைத்துக்கொள்.

பிறகு மூன்று மாதம் நீ மறைக்காமல் வீட்டிலிருந்தே தேடினாய். பதினோரு பேர் மட்டும் வேலை செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் இந்தத் திருவனந்தபுரத்து வேலையை நீயாகவே பிடித்தாய். பெரிய கட்டடம் இல்லை, லிஃப்ட் இல்லை என்று சொன்னாய். உன் அம்மா சொந்தக்காரர்களிடம் போனில் கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் சொல்கிறாள். நான் தயங்கவில்லை. எனக்கு உன்னைப் பற்றிப் பெருமை, அந்தப் பெருமையில் ஒரு விசேஷம் இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள். எந்த அப்பாவும் பிள்ளையைப் பாராட்டினால், அப்பா சொல்லாமல் யார் சொல்வார்கள் என்று பிள்ளை தள்ளிவிடலாம். நீ என்னைத் தள்ள முடியாது. நீ யார் என்று தெரியாமலே ஏழு மாதம் நான் உன்னைப் படித்தேன். நாற்பதில் முப்பத்தொன்றை அழித்தவன், உன்னை அழிக்கவில்லை. உன் சப்பாத்திக் கதையைப் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டினேன். உன் வேலை போனபோது முகம் தெரியாத உனக்காகச் சாப்பிடப் பிடிக்காமல் இருந்தேன். அந்த வாசகன் எனக்கும் யாரோ ஒருவன்தான். அவன் தீர்ப்பில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு.

திருவனந்தபுரத்தில் உனக்கு என்ன புத்தி சொல்வது? படிப்பதை நீயே தேர்ந்தெடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீ. ஒன்று மட்டும் சொல்கிறேன். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்காதே. எண்ண ஆரம்பித்தால் அவர்களுக்காக எழுதத் தோன்றும். மட்டாஞ்சேரியில் ஒரு கிழவன் சோற்றுக்குப் பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பான் என்று நீ கனவிலும் நினைத்திருக்கமாட்டாய். அதனால்தான் அந்த எழுத்து அப்படி இருந்தது. இன்னொன்று, கெட்ட செய்தி வந்தால் அன்றைக்கே வீட்டுக்குச் சொல். கேட்பவர்கள் முதலில் கொஞ்சம் தவறாகத்தான் ஏதாவது சொல்வார்கள். மறுநாள் சரியாகச் சொல்வார்கள். அந்த ஒரு நாளைப் பொறுத்துக்கொள்.

நேற்று மத்தியானம் ரீடரைத் திறந்து உன் தளத்தை என் லிஸ்ட்டிலிருந்து எடுத்துவிட்டேன். நிச்சயமாக எடுக்க வேண்டுமா என்று அது கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். எழுத உட்காரும்போது அப்பா படிப்பார் என்ற நினைப்பு உனக்கு வரக் கூடாது. அந்த நினைப்போடு யாராலும் ஒழுங்காக எழுத முடியாது. என்னைப் பற்றி எழுத வேண்டியிருந்தால் தாட்சண்யம் பார்க்காமல் எழுது. தேடி எடுத்துப் படிக்கமாட்டேன், இது என் வாக்கு. என்றைக்காவது நான் படிக்கலாம் என்று உனக்குத் தோன்றினால், அந்த ஒரு பக்கத்தை நீயே அனுப்பு. அனுப்பாவிட்டாலும் எனக்குக் குறை இல்லை. ஒன்று விட்டு ஒரு நாள், என் மகன் எங்கேயோ உட்கார்ந்து உண்மையாக எழுதிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்திருப்பதே எனக்குப் போதும்.

இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிடலாம், ரயில் கிளம்பிய பிறகு நீ பார்த்துக்கொள்வாய் என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம். நான்கு மாதம் உனக்குத் தெரியாமல் உன்னைப் படித்தது போதும். நாளை காலை உன் கையிலேயே தருகிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா